பாவ், பாப், பாவம்

எங்கள் சபையின் வீடியோக்களுக்கு இந்தியில் எழுத்துப் போடுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இதக்கூட ஒழுங்கா போடத் தெரியாதா?" என்று இளைஞர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். கத்தியவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

தாராவியில் ஒரு தோல் கிடங்கின் மாடியில் நடக்கிற சின்னத் தமிழ்ச் சபை அது. போதகர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்வார். அதில் அரை நிமிடத்தை வெட்டி எடுத்து, பின்னணியில் மெல்லிசாகக் கொஞ்சம் கீபோர்டு வைத்து, கீழே இந்தி வரிகளை ஓடவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் ஏற்றிவிடுவேன். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு கிளார்க் வேலை. போக வர பஸ்ஸில்தான் இந்த வெட்டு ஒட்டெல்லாம். ஜன்னலோர சீட் கிடைத்த வாரம் வீடியோ நன்றாக வரும். நின்றுகொண்டே போன வாரம் போதகரின் தலை பாதியாக இருக்கும்.

தமிழ்ச் சபைக்கு ஏன் இந்தி எழுத்து என்று பெரியவர்கள் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள், தெருவில் பம்பாய் இந்தி பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேலும், இப்போது யாரும் வீடியோவைக் காதால் கேட்பதில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடுவதைப் படித்துக்கொண்டே அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே போதகர் தொண்டை கிழியப் பேசினாலும், பாதிப் பேருக்குப் போய்ச் சேருவது நான் போட்ட எழுத்துதான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. மறைக்க மாட்டேன்.

எழுத்தை நான் முழுக்க என் கையால் அடிப்பதில்லை. ஃபோனில் ஒரு ஆப் உண்டு. அது தமிழைக் கேட்டு இந்தியில் எழுதிக் கொடுக்கும், நான் திருத்துவேன். பரவாயில்லாமல்தான் எழுதும். ஆனால் 'பாவம்' என்ற ஒரு சொல் மட்டும் அதற்குப் பிடிபடவே இல்லை. கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு 'பாவ்' என்று போட்டுவிடும். மும்பையில் பாவ் என்றால் ரொட்டி. வடா பாவில் வருகிறதே, அந்தப் பாவ்.

முதல் வீடியோவிலேயே மானம் போனது. போதகர் கையை உயர்த்தி, "எத்தனை நாளைக்கு இந்தப் பாவத்தைச் சுமந்துக்கிட்டுத் திரிவீங்க?" என்று முழங்குகிறார். எத்தனை நாளைக்கு இந்த ரொட்டியைச் சுமந்து திரிவீர்கள் என்று கீழே இந்தியில் ஓடுகிறது. காலையில் சைக்கிளில் பாவ் கொண்டுவருகிற பையாவுக்குத்தான் அன்றைய செய்தி என்று இளைஞர் கூட்டம் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது. போதகரின் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் வராது. அந்த ஆப்பைக் குடைந்து குடைந்து, ஒரு சொல் வருகிற இடத்திலெல்லாம் இன்னொரு சொல்லை மாற்றிவிடுகிற வசதியைக் கண்டுபிடித்தேன். பாவ் வருகிற இடத்திலெல்லாம் 'பாப்' என்று வைத்தேன். இந்தியில் பாப் என்றால் பாவம், கர்த்தர் மன்னிக்கிற பாவம். ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகு ஆறு மாதம் யாரும் சிரிக்கவில்லை. நானும் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா சபைக்கு வந்தார்.

வந்தார் என்று சொல்வதைவிட, ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தார் என்று சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். தமிழ் வேதாகமத்தைத் தடையில்லாமல் வாசிப்பார், இந்தி பேசவும் செய்வார், ஆனால் இந்தி எழுத்து தெரியாது. புருஷன் வேலைக்குப் போகிறேன் என்று வெளியூர் போனவன், அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். அக்கா எட்டு வயது மகளோடு தனியாக நின்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற துணி கார்கானாவில் சட்டைக் காலர் தைக்கப் போனார். கார்கானா என்றால் தொழிற்சாலை என்று பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக்கூரை, அதற்குக் கீழே இருபது மெஷின், அவ்வளவுதான்.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. கார்கானாவின் மாஸ்டர் தன் பைக்கில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பைக்கில் பிள்ளையும் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

எங்கள் சபையில் பெயர் சொல்லி யாரையும் புறணி பேச மாட்டோம். அதற்கு ஜெபம் இருக்கிறது. "ஆண்டவரே, வழி தப்பிப் போற ஒரு சகோதரிய உம்ம கரத்துல ஒப்புக்கொடுக்கோம்" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும். எல்லோருக்கும் கண்ணை மூடியபடியே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த வாரம் பெண்கள் கூட்டத்தில் அப்படி ஒரு ஜெபம் நடந்தது. உருக்கமான ஜெபம். பைக் என்ற சொல்கூட அதில் வந்தது. அக்கா அதே அறையில், மூன்றாவது வரிசையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜெபத்தைச் செய்தவள் நான்.

ஆமென் சொல்வதற்கு முன்பே வாசல் பக்கம் யாரோ செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு யாரென்று தெரியும். கண்ணைத் திறந்திருந்தால் எழுந்து ஓட வேண்டியிருக்கும். திறக்கவில்லை. ஜெபத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போதைய போதகர் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வீடு வீடாகப் போகிற மனுஷர். அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார், ஒரு முறை அல்ல, பல முறை. நடந்ததைக் கேட்டிருக்கிறார். ஜெபம் செய்தது யாரென்பதை மட்டும் அக்கா அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அக்கா கடைசி வரிசையில், நான் ஃபோன் ஸ்டாண்டை நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். "நல்லாருக்கியாட்டி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்றைய பிரசங்கம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போனவர்களைப் பற்றி. நடுவில் போதகர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னைக்கு நம்ம நடுவுல ஒரு சகோதரி வந்திருக்காங்க. அந்தச் சகோதரி பாவம். ஒம்பது வருஷம் தனியா இருந்தாங்க. நாம பாத்துட்டு விலகிப் போனோம்." பிறகு இருமினார், தண்ணீர் குடித்தார், "அவங்ககிட்ட சபை மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

நான் ஃபோனை அக்கா பக்கம் திருப்பினேன். அழுதுகொண்டிருந்தார். ஒன்பது வருடத்து அழுகை அது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து வெட்டினேன். 'விலகிப் போனோம்' வரைக்கும் போதகர் குரல், அக்காவின் முகம், பின்னணியில் கீபோர்டு. மன்னிப்பு என்ற வரி அரை நிமிடத்துக்குள் அடங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதகரின் இருமலை வெட்டியிருந்தால் அடங்கியிருக்கும். எனக்கு அது தெரியும். ஏற்றுவதற்கு முன்னால் அக்காவுக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் குரல் செய்தி வந்தது: "போடுட்டி. எல்லாரும் கேக்கட்டும்."

வீடியோவை அக்கா காதால் கேட்டார். நானும் கேட்டேன். இரண்டு பேருமே கீழே ஓடியதைப் படிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம், தாராவி பஸ் ஸ்டாப்பில் அக்காவின் மகள் எனக்காகக் காத்திருந்தாள். காலேஜ் பையோடு நின்றாள். இப்போது பதினேழு வயது, அம்மாவைவிட உயரம்.

"ஆன்ட்டி, இந்த வீடியோ நீங்கதான போட்டீங்க? என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்று ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "என் ஃபிரெண்ட் காட்டுனா. மெட்ரோல சவுண்ட் இல்லாம பாத்திருக்கா. தேரி மம்மி நே க்யா கியானு கேக்கா. உங்கம்மா என்ன பண்ணாங்கன்னு!"

படித்தேன். 'வோ பெஹன் பாப் ஹை.' அந்தச் சகோதரி ஒரு பாவம். 'ஒன்பது வருடம் தனியாக இருந்தாள். நாங்கள் பார்த்து விலகிக்கொண்டோம்.' மேலே அக்காவின் முகம், கண்ணில் வழிகிற தண்ணீர்.

ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த தீர்ப்பு மாதிரி இருந்தது அது. நான் வைத்த அந்த ஒரு தட்டு, 'ஐயோ பாவம்' என்கிற பாவத்தையும் விடவில்லை, அதையும் பாப் ஆக்கிவிட்டது. ஒரு பிள்ளை கீழே விழுந்தால் பாவம் என்கிறோம். ஒருத்தன் திருடினாலும் பாவம் என்கிறோம். சந்தைக்கடையில் நிற்கிற எந்தத் தமிழனுக்கும் எது எந்தப் பாவம் என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். இத்தனை வருடம் சபையில் பெஞ்சைத் தேய்த்த எனக்கு மட்டும், அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்திருக்கிறது. இரக்கப்படுகிற அர்த்தத்தை நான் எப்போதோ தொலைத்திருந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதான் ஆன்ட்டி ப்ராப்ளமே." ஃபோனைப் பைக்குள் திணித்தாள். "அம்மா அத ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காங்க. கார்கானால ஒவ்வொரு லேடீஸ்கிட்டயும் போய்க் காட்டியிருக்காங்க. பாருங்க, எங்க பாஸ்டர் என்னப் பத்திப் பேசுனாருன்னு. அவங்க எல்லாரும் இந்தி படிக்கிறவங்க. அங்க மெஷின் சத்தத்துல எவளுக்குக் காது கேக்கும்? கேட்டாலும் தமிழ் புரியுமா?" பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அம்மாட்ட சொல்லிராதீங்க. டெலீட் மட்டும் பண்ணிருங்க" என்றாள்.

அங்கேயே, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே வீடியோவை எடுத்துவிட்டேன். எடுத்ததும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கவில்லை என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

காலையில் எட்டு மணிக்கு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். வேலைக்குப் போகிற வழி. கையில் டிஃபன் டப்பா. உள்ளே வாருங்கள் என்று சொன்னேன், வரவில்லை.

"ஏட்டி, என் வீடியோவ ஏன் எடுத்துட்ட?"

நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கி இடம் செய்தேன்.

"எவளும் ஏதும் சொன்னாளா? நான் வந்தது சபைக்குக் கேவலமா இருக்கோ? மறைக்காத, சொல்லு. வரக்கூடாதுன்னா நான் வரல. ஒம்பது வருஷம் வராம இருந்தவளுக்கு இது ஒண்ணும் பெருசில்ல."

எழுத்து அவரைத் தொடவில்லை, அதை எடுத்ததுதான் அவரைத் தள்ளிவிட்டிருக்கிறது. மகள் சொல்ல வேண்டாம் என்றது காதில் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த மனுஷி இரண்டாவது முறையும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தத் தடவை என் கண் திறந்துதான் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பாவ், பாப், நான் மாற்றி வைத்தது, படிக்காமல் ஏற்றியது, நேற்று மகள் வந்தது, எல்லாம். கேட்டுக்கொண்டே அக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கார்கானால காட்டுனனே" என்றார் கடைசியில். "ஒவ்வொருத்தி மெஷின்கிட்டயும் போயிப் போயிக் காட்டுனேன். ஒருத்தியும் ஒண்ணும் சொல்லல. தமிழ் புரியலபோலன்னு நெனச்சேன்." டிஃபன் டப்பாவைத் தடவினார். "எம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுத பீகார்காரி மூணு நாளா அந்தப் பக்கமா போயி உக்காருதா. வயித்துவலின்னா. நானும் நம்புனேன்."

"அக்கா, நான் இன்னைக்கே சரியா எழுதித் திரும்பப் போட்டுருதேன். அந்த மன்னிப்பு வரியையும் சேத்து..."

"வீடியோ கெடக்கட்டும்" என்றார். எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "ஒம்பது வருஷம் முன்னால வாயால சொன்ன. இப்ப எழுத்துல போட்ட. ஒனக்கு எதுலயும் கொறவில்ல. பொறப்படு, வா. எங்க போச்சோ அங்கயே வந்து சொல்லு."

வேலைக்கு லீவு சொல்லக்கூடத் தோன்றாமல், வீட்டுச் சேலையோடு அவர் பின்னால் நடந்தேன். இரண்டு சந்து தள்ளித்தான் கார்கானா. உள்ளே பெண்கள் அப்போதுதான் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் மட்டும் அவசர ஆர்டர் என்று நாலைந்து மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு சபையே ஒதுக்கிவிட்டதாக எழுதியிருந்தால், படிக்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அக்கா என்னை நடுவில் நிறுத்தினார். "இவதான் அத எழுதுனவ. என்னமோ சொல்லணுமாம், கேளுங்க" என்று தன் உடைந்த இந்தியில் சொல்லிவிட்டு, தன் மெஷினில் போய் உட்கார்ந்து நூல் கோக்க ஆரம்பித்தார்.

நான் இந்தியில் சொன்னேன். தமிழில் பாவம் என்று ஒரு சொல் உண்டு, அதற்குப் பாப் என்றும் அர்த்தம், பேச்சாரி, அதாவது இரக்கப்பட வேண்டியவள் என்றும் அர்த்தம். எங்கள் போதகர் இவரைப் பார்த்து, பாவம் இந்தப் பெண், நல்ல பெண், நாம்தான் கைவிட்டோம் என்று சொன்னார். ஃபோன் அதை ரொட்டி என்று எழுதும், நான் அதைப் பாப் என்று மாற்றினேன். ரொட்டி என்றதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பீகார்க்காரப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள், எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண், பொத்தான் துளைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படீன்னா இவளை விட்டுட்டுப் போனது தப்புத்தானே?" என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்றேன். "தோ பாப் கிஸ்கா தா?" என்றாள். அப்படியானால் அந்தப் பாவம் யாருடையது?

"ஹம் ஸப் கா" என்றேன். எங்கள் எல்லோருடையதும்.

பொய் இல்லை. ஆனால் எல்லோரும் என்பது ஒளிந்துகொள்ள வசதியான இடம். நான் அங்கே ஒன்பது வருடமாக ஒளிந்துகொண்டிருந்தேன். அக்காவைப் பார்த்தேன். நூல் ஊசிக் காதில் நுழைந்துவிட்டது. ஆனாலும் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேரா" என்றேன். என்னுடையது. ஜெபம் என்று சொல்லி இவரைப் பற்றி ஊருக்கு முன்னால் பேசியது நான், இவர் எழுந்து போனது தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் எங்கோ உள்ளே போய்விட்டது.

அக்கா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"பின்னால மெஷின் ஓடுது, அவளுவளுக்குக் கேக்கல" என்றார். "சத்தமா சொல்லுட்டி."

திரும்பவும் சொன்னேன், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.